மலை ஊர்ப் பிள்ளைகளுக்கு ‘வளங்குன்றா நகரம்’ சொல்லித்தர: குன்னூர் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. பவானித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். ஆறு வருடம் முன்பு மாற்றலாகி மலைக்கு வந்தபோது, குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வருடம் சார்ட் ஒட்டினோம், பேச்சுப்போட்டி வைத்தோம், உறுதிமொழி எடுத்தோம். பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக நான் கேட்டிருந்த அனுமதி, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் கைக்கு வந்தது. அந்த வருடம் போனது போனதுதான்.

இப்போது புதிதாக வரும் ஆசிரியர்களும், வார இறுதியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வரும் தன்னார்வலர்களும் அதே இடத்தில் முட்டி நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துப் படியுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். அவர்களுக்கும் நேரம் இருக்காது, வீட்டிலும் விடமாட்டார்கள்.

1. பதினேழையும் எடுக்காதீர்கள், ஒன்றை எடுங்கள்

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றின் கிளைகள் 169. கெடு 2030. இதை மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். நகரங்களைப் பற்றியது 11ஆவது இலக்கு. குப்பை, காற்று, பஸ், வீடு, பூங்கா, பேரிடர் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் வருடத்துக்கு ஒரே கேள்வி. ‘நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?’ என்பது ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் போதும். ‘நம் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்பது இன்னொரு வருடத்துக்கு.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று கரும்பலகையில் எழுதினேன். முன் பெஞ்சில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து, “டீச்சர், குன்று இல்லாத ஊரா?” என்று கேட்டாள். குன்னூரில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் அப்படித்தானே காதில் விழும்! அன்று முதல் நான் இப்படித்தான் சொல்கிறேன்: “இன்றைக்கு நாம் எடுத்த பிறகும், நாளைக்கு வருகிறவர்களுக்கு மிச்சம் இருக்க வேண்டும்.” ஊற்றில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்த பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

2. கடிதங்கள்: ஜூன் மாதமே எழுதிவிடுங்கள்

அதிகமாக அடிபடும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். நீங்கள் வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் என்றால் அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, எந்த வகுப்பு, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் தாமாக முடிவு செய்ய முடியாது, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அது போக வேண்டும். ‘தலைமையாசிரியர் வழியாக’ என்ற வரி இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரும். வகுப்பு நடக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடன் இருப்பார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பிள்ளைகளோடு வெளியாள் தனியாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, நகராட்சி ஆணையருக்கு. குப்பை பிரிக்கும் இடமோ, தண்ணீர்த் தொட்டியோ, எதைப் பார்க்க வேண்டுமானாலும் இது வேண்டும். நான் செய்த தவறு, ஒரே கடிதத்தில் ஐந்து விஷயம் கேட்டது. குப்பை சுகாதாரப் பிரிவு, தண்ணீர் பொறியியல் பிரிவு. கடிதம் ஒரு மேசையில் கிடந்தால் இன்னொரு மேசைக்குத் தெரியாது. ஓர் இடத்துக்கு ஒரு கடிதம் என்று வையுங்கள். தேதி, மாற்றுத் தேதி, நேரம், மாணவர் எண்ணிக்கை (ஆண், பெண் தனித்தனியாக), உடன் வரும் ஆசிரியர்கள், வண்டி எண் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். பத்து நாள் கழித்து அந்த நகலோடு நேரில் போய் நின்றால்தான் பேச்சு நகரும்.

மூன்றாவது, வனத்துறை. சோலைக்காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் மாவட்ட வன அலுவலருக்கு எழுதுங்கள். 2018 மார்ச் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. “பக்கத்துச் சோலைதானே, ஊர்க்காரர்கள் போகிறார்களே” என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுழையக் கூடாது.

நான்காவது, பெற்றோர் ஒப்புதல். இது அலுவலகக் கடிதங்களைவிடக் கடினம். எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் விடிகாலையில் தேயிலைக்குப் போய்விடுவார்கள். பையில் மடித்துக் கொடுத்த காகிதம் பையிலேயே கிடக்கும். நான் இப்போது வெள்ளிக்கிழமை கொடுத்துச் செவ்வாய்க்கிழமை வாங்குகிறேன், நடுவில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், பிள்ளை படித்துக் காட்டும்படி எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா என்று ஒரு வரி. பகலில் எடுக்கும் போன் எண் ஒன்று. படம் எடுக்கச் சம்மதமா என்பது தனி வரி, தனிக் கையெழுத்து.

3. எந்த மாதம் எது

கீழிருந்து வருபவர்களுக்கு மலைக் காலண்டர் பிடிபட ஒரு வருடம் ஆகும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நவம்பரில் எந்தத் தேதி குறித்தாலும் விடுமுறை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் ரோட்டில் மண் சரிந்திருக்கும். அந்த மாதங்களை வகுப்பறை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகத் தோதான காலம் பொங்கல் முடிந்து பிப்ரவரி பாதி வரை. காலையில் உறைபனி இருக்கும், ஆகவே பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். அதற்குப் பிறகு தீக்காலம், வனத்துறை பாதைகளை மூடிவிடலாம். மார்ச் வந்தால் தேர்வு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடத்தில் நான்கைந்து வாரம்தான் கையில் இருக்கிறது. கடிதத்தை ஜூனில் எழுதச் சொன்னது அதனால்தான்.

4. செலவு

போன வருடம் எங்களுக்கு ஆனது: தொங்கு தராசு இரண்டு 700 ரூபாய், தடித்த ரப்பர் கையுறை இருபது ஜோடி 1,400, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 300, நகல் எடுக்க 450, கோணிப்பை, வாளி, அட்டை, பேனா எல்லாம் சேர்த்து 650. ஆக 3,500. கோத்தகிரிக்கு வேன் வாடகை 4,500, டீயும் பன்னும் 1,200. மொத்தம் 9,200 ரூபாய். வேன் இல்லாமலே பாதிக்கு மேல் கற்றுத்தர முடியும் என்பதைக் கவனியுங்கள். மாணவர் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையேதான் செல்லும், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

பணத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் அமைப்பு இருந்தால் அதன் நிதியிலும் எழுதலாம், ஆனால் அந்தப் பணம் வருடக் கடைசியில் வந்து சேர்வதும் உண்டு. கையிலிருந்து போட்டுச் செலவழித்தால் ஒவ்வொன்றுக்கும் பள்ளிப் பெயரில் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத 450 ரூபாய் கணக்கில் ஏறவே ஏறாது.

5. குப்பைப் பாடம்: ஏழு நாள், ஒரு தராசு

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் குப்பையை ஏழு நாள் பிரித்து வைக்க வேண்டும். ஈரம், உலர்ந்தது, நாப்கின் மாதிரியானவை, பேட்டரி-மருந்து-பல்பு. நாப்கினையும் ஈரக் குப்பையையும் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டிலேயே எடை பார்த்து எழுதி வரட்டும். பள்ளிக்கு வருவது உலர்ந்தது மட்டும்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை பைகளில் பெயர் எழுதி வாங்கினேன். ஒரு பையனின் பையைக் கவிழ்த்தபோது மூன்று பிராந்தி பாட்டில் உருண்டது. வகுப்பு சிரித்தது. அவன் பையை மடக்கி மடக்கிக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருட்டிக்கொண்டே நின்றான். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து பெயர் கிடையாது, எண் மட்டும். எண்ணும் குலுக்கிப் போட்டு எடுப்பது. பாட்டில் பேச்சை முதல் நாளே நானே எடுத்துவிடுகிறேன்: நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானைக் காலைக் கிழிப்பதைத் தடுக்க உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. இதைச் சொன்ன பிறகு பாட்டிலைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எத்தனை பாட்டில் திரும்பிப் போயிருக்கலாம் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எடை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரவு வெளியே வைத்த பையில் மழை இறங்கியிருந்தால் எடை தாறுமாறாக ஏறும். பையைத் தலைகீழாகப் பிடித்து நீர் வடிந்த பிறகுதான் தராசில் மாட்ட வேண்டும்.

உரக்குழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழே ஒன்றரை மாதத்தில் ஆகும் உரம் இங்கே குளிரில் மூன்று மாதம் இழுக்கும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காய்ந்த இலை நிறையப் போட்டு மழை படாமல் வையுங்கள். அதைவிட முக்கியம் மூடி. ஈரக் குப்பை வாசனைக்குக் காட்டெருமை வரும், கரடி வரும். எங்கள் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி ஒரு காலையில் இரண்டாகக் கிழிந்து கிடந்தது, பக்கத்து மண்ணில் கரடித் தடம். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. இப்போது கட்டட ஓரமாக, இரும்பு மூடியும் கொக்கியும் போட்டு வைத்திருக்கிறோம். சோற்று மீதி, எண்ணெய்ப் பண்டம் எதையும் அதில் போடுவதில்லை.

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் குப்பை பிரிக்கும் இடத்துக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். கையுறை, மூடிய ஷூ கட்டாயம். மேட்டின் மேல் ஏறக் கூடாது. அங்கே வேலை செய்யும் அக்காக்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்களே விளக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது ஒரு அக்கா பிஸ்கட் கவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுது பாருங்க. இதை எவனும் எடைக்கு எடுக்க மாட்டான். பால் கவர் குடு, கழுவிக் குடு, காசு ஆகும்.” நான் ஒரு மாதம் நடத்தியதை அவர் இரண்டு நிமிடத்தில் நடத்திவிட்டார். திரும்பும்போது பிள்ளைகள் அவரை ‘டீச்சரக்கா’ என்று கூப்பிட்டார்கள்.

6. தண்ணீர்ப் பாடம்: சொட்டுக் குழாயிலிருந்து பவானி வரை

சொட்டும் குழாய் ஒன்றின் அடியில் ஒரு மணி நேரம் பாத்திரம் வையுங்கள். அரை லிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 12 லிட்டர். ரேலியா அணைத் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் குன்னூர் வீடுகளுக்கு 12 லிட்டர் என்றால் என்ன என்று தெரியும்.

அடுத்து மழைமானி. அகலம் மாறாத நேர் பாட்டிலாக எடுங்கள். அடி வளைவாக இருந்தால் கூழாங்கல் போட்டு, வளைவு மறையும் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் குறியுங்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 820 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் அது பெய்திருந்தால் 82,000 லிட்டர். கிராமக் குழாய்த் திட்டத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு நாள் மழை ஒருவருக்கு நான்கு வருடத்துக்கு வரும். இந்த வகுத்தலைப் பிள்ளைகளே போடட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மழை எங்கே போகிறது என்ற கேள்வி தானாக வரும். அங்கேதான் மண்சரிவு வருகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சரிவில் இறந்தார்கள். இன்றைய பிள்ளைகள் பிறக்கும் முன் நடந்தது, ஆனால் அவர்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கலாம். “யார் வீட்டில் சரிந்தது?” என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். சரிவில் எந்த இடத்தில் கட்டடம் எழும்புகிறது, மழைநீர் போக வாய்க்கால் விட்டிருக்கிறார்களா, எது மூடப்பட்டிருக்கிறது என்று வழியில் பார்த்து வரைபடம் போடுவதே போதும்.

கடைசியாக ஆறு. ஊருக்கு மேலே ஓர் ஓடை, மார்க்கெட் பக்கம் குன்னூர் ஆறு, ஊரைத் தாண்டி ஓர் இடம் என்று மூன்று கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். எடுப்பது பெரியவர்கள், கையுறையோடு. பிள்ளைகள் ஆற்றில் இறங்கக் கூடாது. ஒரு நாள் அசையாமல் ஜன்னலில் வைத்தால் அடியில் எது எவ்வளவு தங்குகிறது என்று தெரிந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 500க்குக் கீழே வந்தால் குடிக்கலாம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள், அதை முதலிலேயே தடுத்துச் சொல்லுங்கள். இந்த ஆறு கீழே பவானியில் சேர்கிறது. நடு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “என் அம்மா இன்றும் மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறார்” என்று சொன்னேன். ஒருவரும் பேசவில்லை. அந்த வாரம் வகுப்பில் ஒருவரும் சாக்கடையில் கவர் போடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டவனை மற்றவர்கள், “டீச்சரம்மா குடிக்கிற தண்ணிடா” என்று திட்டியது என் காதில் விழுந்தது.

7. ஒரே ஒரு வெளிப்பயணம் என்றால் லாங்வுட் சோலை

குன்னூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், கோத்தகிரியை ஒட்டியே இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தைப் பற்றிய பாடத்துக்குக் காடு எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்பார். சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் ஊறுவது அந்தச் சோலையில்தான், அது அந்த ஊர்களின் தொட்டி என்று எழுதிக் கொடுங்கள். உள்ளே ஒரு பிடி இலைமக்கை எடுத்துப் பிழியச் சொல்லுங்கள், பிறகு வெளியே தேயிலைத் தோட்டத்து மண்ணைப் பிழியச் சொல்லுங்கள். பிழிந்து முடித்ததும் மக்கை இருந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்பு மூட்டை கொண்டுபோங்கள். பிஸ்கட், சிப்ஸ் எதுவும் சோலைக்குள் வேண்டாம்.

கீழிருந்து பள்ளி வண்டியில் பிள்ளைகளைக் கூட்டி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசன் மாதங்களில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் அளவும் வைத்தது. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிக்கும் அது இல்லை. நடைமுறை மாறிக்கொண்டிருப்பதால், கிளம்பும் வாரம் ஒருமுறை சரிபார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்டிலேயே எடுத்துவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல், “ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். நீதிமன்றம் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் ஆராயச் சொன்ன கேள்வியே அதுதான்.

8. கண்டதை ஊருக்குச் சொல்லும்போது

அளந்ததோடு நிறுத்தினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். ஒரு மனு எழுதவையுங்கள். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, ஒரு படம், அளந்த எண்கள். கடை பெயர் எதுவும் கூடாது. எங்கள் கண்காட்சியில் ஒரு கடைப் பலகை தெரிந்த படத்தை ஒட்டிவிட்டோம். கடைக்காரர் பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார், படம் எடுத்த பெண் அழுதுவிட்டாள். பெயர் தெரியாமல் இடத்தை மட்டும் காட்டினாலே வேலை நடக்கும். மனுவை முதலில் வார்டு உறுப்பினருக்கும் ஆணையருக்கும் கொடுங்கள். நகராவிட்டால் திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியரின் குறைதீர் நாள். அங்கே பெரியவர்கள் போகட்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். மனு எண் உள்ள சீட்டை வகுப்பில் ஒட்டுங்கள். எங்கள் பள்ளி வாசல் வாய்க்காலுக்குக் கம்பி வலை கேட்டு எழுதினோம். நான்கு மாதம் ஆனது, வலை வந்தது. வலையில் தேங்குவதை வாரம் ஒருமுறை இரண்டு பேர் எடுத்து எடை போட்டு எழுதுகிறார்கள்.

9. மாற்றலாகும் முன்

மே மாதக் கலந்தாய்வில் நீங்கள் வேறு பள்ளிக்குப் போய்விடலாம். எனக்கு முன் இருந்தவர் என்ன செய்தார் என்று எனக்கு ஒரு காகிதம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு கெட்டி அட்டை ஃபைல் போட்டு, முத்திரை வாங்கிய நகல்கள், வந்த அனுமதிகள், பெற்றோர் ஒப்புதல் மாதிரிப் படிவம், ரசீதுகள், மனு எண், ஏழு நாள் எடைத் தாள்கள், யாரை எந்தப் பிரிவில் பார்க்க வேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பு எல்லாவற்றையும் அதில் வையுங்கள். எங்களுடையது பச்சை அட்டை, தலைமையாசிரியர் அறை பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. தராசு இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சப்பையில் இருக்கின்றன, பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறேன்.